மூன்று பென்னியும் மனச்சாட்சியும்: தொடக்ககால அமெரிக்கக் குடியரசில் அரசும் மதமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசமைப்புச் சட்டத்தில் 1791 டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த முதல் திருத்தம், மதத்தைப் பற்றி மிகச் சுருக்கமாகவே பேசுகிறது. ஒரு மதத்தை நிறுவுவது தொடர்பாகக் காங்கிரஸ் எனப்படும் தேசியச் சட்டமன்றம் எந்தச் சட்டமும் இயற்றலாகாது. மதத்தைத் தடையின்றிக் கடைப்பிடிப்பதை விலக்கும் சட்டம் எதையும் இயற்றலாகாது. ஆங்கில மூலத்தில் இவ்வளவும் 16 சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் அந்தச் சொற்களைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அவை எழுதப்படுவதற்கு முன் அந்நாட்டில் யார் யாருக்கு வரி கட்டினார்கள், எதற்காகச் சிறைக்குப் போனார்கள் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்தத் திருத்தத்தைப் பற்றி இரண்டு தவறான கருத்துகள் பரவலாக உள்ளன. மதநம்பிக்கை குன்றிய சில அறிவாளிகள் கடவுளை அரசியலிலிருந்து வெளியேற்றுவதற்காக இதை எழுதினார்கள் என்பது ஒன்று. அமெரிக்கா ஒரு கிறிஸ்தவ நாடாகவே நிறுவப்பட்டது, இத்திருத்தம் கிறிஸ்தவப் பிரிவுகளுக்கிடையே சமரசம் செய்துவைக்க மட்டுமே வந்தது என்பது மற்றொன்று. இரண்டுமே வரலாற்றோடு பொருந்தவில்லை. அரசையும் மதத்தையும் பிரித்துவைக்க வேண்டும் என்று அன்று உரக்கக் கேட்டவர்களில் பெரும்பகுதியினர் ஆழ்ந்த பக்தியுள்ள கிறிஸ்தவர்கள். அவர்களோடு கைகோத்து அந்தக் கோரிக்கைக்குச் சட்டவடிவம் கொடுத்தவர்கள், எந்தத் திருச்சபைக் கோட்பாட்டையும் முழுமையாக ஏற்காத, பின்னாளில் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெஃபர்சன் போன்ற சிந்தனையாளர்கள். இந்தக் கூட்டணி வர்ஜீனியாவில்தான் மிகத் தெளிவாக உருவெடுத்தது.

நிறுவப்பட்ட திருச்சபை என்றால் என்ன?

ஒரு திருச்சபையைச் சட்டத்தின் மூலம் அரசின் திருச்சபையாக ஆக்கி, அதன் செலவைப் பொதுமக்களின் வரியிலிருந்து கொடுத்து, அதில் சேராதவர்களுக்குச் சில உரிமைகளை மறுப்பதையே ‘மதத்தை நிறுவுதல்’ என்ற சொற்றொடர் குறித்தது. விடுதலைப் போருக்கு முன் பிரிட்டனின் ஆட்சியில் இருந்த 13 குடியேற்றங்களில் பெரும்பாலானவற்றில் இத்தகைய ஏற்பாடு ஏதோ ஒரு வடிவில் இருந்தது. தெற்கே இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் திருச்சபையும், நியூ இங்கிலாந்துப் பகுதியில் பியூரிட்டன் மரபில் வந்த காங்கிரிகேஷனல் திருச்சபையும் அந்த இடத்தில் இருந்தன. ரோட் ஐலண்டும் பென்சில்வேனியாவும் விதிவிலக்குகள். மாசசூசெட்ஸிலிருந்து வெளியேற்றப்பட்ட ராஜர் வில்லியம்ஸ் என்ற போதகர் 1636இல் பிராவிடன்ஸ் ஊரை நிறுவி, மனச்சாட்சி விஷயத்தில் ஊர் நிர்வாகம் தலையிடாது என்ற ஏற்பாட்டைச் செய்தார். திருச்சபை என்னும் தோட்டத்தை உலகம் என்னும் காட்டிலிருந்து காக்க ஒரு மதில் வேண்டும் என்று எழுதியவரும் அவர்தான். அந்த மதில் தோட்டத்தைக் காப்பதற்காகக் கேட்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

வர்ஜீனியாவில் ஆங்கிலிக்கன் குருவானவர் ஒருவருக்கு ஆண்டுச் சம்பளம் 16,000 பவுண்டு எடையுள்ள புகையிலை. அங்கே புகையிலையே நாணயம்போலப் புழங்கியதால் சம்பளமும் அதிலேயே கணக்கிடப்பட்டது. அந்தக் குருவானவரின் பொறுப்பில் இருந்த வட்டாரத்தில் வாழ்ந்த எல்லோரும், அவர்கள் பிரெஸ்பிடீரியன், குவேக்கர் போன்ற வேறு கிறிஸ்தவப் பிரிவினராக இருந்தாலும், அந்தச் சம்பளத்துக்கு வரி கட்டினார்கள். 1758இல் விளைச்சல் குறைந்து புகையிலை விலை ஏறியபோது, பவுண்டுக்கு இரண்டு பென்னி வீதம் பணமாகக் கொடுத்தால் போதும் என்று சட்டமன்றம் சட்டம் போட்டது. இங்கிலாந்து அரசு அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. ஜேம்ஸ் மௌரி என்ற குருவானவர் தமக்கு வரவேண்டிய மீதித் தொகையைக் கேட்டு வழக்குத் தொடுத்தார். 1763இல் அவருக்கு எதிராக வாதாடிய பாட்ரிக் ஹென்றி என்ற இளம் வழக்கறிஞர், அரசரையும் குருமார்களையும் ஒருசேரத் தாக்கிப் பேசினார். ஜூரிகள் குருவானவருக்கு இழப்பீடாக வழங்கிய தொகை ஒரே ஒரு பென்னி. இந்த ஹென்றியை மீண்டும் சந்திக்கப் போகிறோம். அப்போது அவர் எதிர்த்திசையில் நிற்பார்.

வரியைவிடக் கசப்பானது உரிமம். 1689ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சகிப்புச் சட்டத்தின் வழியே, ஆங்கிலிக்கன் அல்லாத புராட்டஸ்டன்ட் போதகர்கள் உறுதிமொழி எடுத்து, குறிப்பிட்ட கூடுகை இல்லத்துக்கு உரிமம் பெற்றால் பிரசங்கம் செய்யலாம். 1760களில் வர்ஜீனியாவில் வேகமாகப் பரவிய பிரிவினைப் பாப்டிஸ்டுகள் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவினர் அப்படி உரிமம் கேட்க மறுத்தார்கள். நற்செய்தி சொல்ல அனுமதி தரவேண்டியவர் கடவுள். ஒரு நீதிபதியிடம் அதைக் கேட்பதே அந்த அதிகாரம் அவருக்கு உண்டு என்று ஒப்புக்கொள்வதாகும் என்பது அவர்களுடைய நிலைப்பாடு. பொது அமைதியைக் குலைத்ததாகக் குற்றம் சாட்டி அவர்களைச் சிறையில் அடைத்தார்கள். கல்பெப்பர் சிறையில் இருந்த ஜேம்ஸ் அயர்லண்ட் என்ற போதகர், சிறைக் கம்பிகளின் வழியாகவே வெளியே கூடியிருந்தவர்களுக்குப் பிரசங்கம் செய்தார்.

அதே வட்டாரத்தில் வளர்ந்தவர் ஜேம்ஸ் மேடிசன். ஆங்கிலிக்கன் குடும்பத்தில் பிறந்து, பிரெஸ்பிடீரியன்கள் நடத்திய பிரின்ஸ்டன் கல்லூரியில் படித்துத் திரும்பியிருந்த அவர், 1774 ஜனவரியில் பிலடெல்பியாவிலிருந்த தம் நண்பர் வில்லியம் பிராட்ஃபோர்டுக்கு எழுதிய கடிதத்தில், பக்கத்து மாவட்டத்தில் நல்லெண்ணமுள்ள ஐந்தாறு பேர் தங்கள் மதக்கருத்துகளை வெளியிட்டதற்காகச் சிறையில் கிடப்பதைக் கோபத்துடன் குறிப்பிடுகிறார். அவருக்கு அப்போது வயது 22. அமெரிக்க அரசமைப்பின் சிற்பி என்று பின்னால் பெயர் பெற்ற மனிதர் பொதுவாழ்வில் முதலில் கொதித்தெழுந்தது இந்தப் பாப்டிஸ்டுகளுக்காகத்தான் என்பதை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

சலுகையா, உரிமையா?

1776இல் வர்ஜீனியா தன் உரிமைப் பிரகடனத்தை எழுதியபோது, ஜார்ஜ் மேசன் தயாரித்த வரைவு எல்லோருக்கும் மத விஷயத்தில் முழுமையான சகிப்பு கிடைக்கும் என்றது. அன்றைய உலகத்துக்கு அதுவே தாராளமான வாக்குறுதி. ஆனால் அந்த மாநாட்டின் இளைய உறுப்பினர்களில் ஒருவராக இருந்த மேடிசனுக்கு அது போதவில்லை. சகித்துக்கொள்பவர் மேலே இருக்கிறார், சகிக்கப்படுபவர் கீழே இருக்கிறார். இன்று கொடுத்த சலுகையை நாளை திரும்பப் பெறலாம். எனவே மனச்சாட்சியின் கட்டளைப்படி மதத்தைத் தடையின்றிக் கடைப்பிடிக்க எல்லா மனிதரும் சம உரிமை உடையவர்கள் என்று அந்த வாசகத்தை அவர் மாற்றச் செய்தார். மேசனும் இதை ஏற்றார்.

இந்த மாற்றத்தில் ஒரு பெரிய அரசமைப்புக் கருத்து அடங்கியிருக்கிறது. அரசு என்பது மக்கள் சில அதிகாரங்களை ஒப்படைத்து உருவாக்கிய அமைப்பு. ஒருவர் தம்மிடம் உள்ளதை மட்டுமே பிறரிடம் ஒப்படைக்க முடியும். நான் எதை உண்மையென்று நம்ப வேண்டும் என்பது என் முன் வைக்கப்படும் சான்றுகளைப் பொறுத்ததே தவிர, இன்னொருவரின் ஆணையைப் பொறுத்தது அல்ல. ஆகவே அதை நான் விரும்பினாலும் அரசிடம் ஒப்படைக்க இயலாது. அப்படி ஒப்படைக்கப்படாத ஒன்றின் மீது அரசுக்கு அதிகாரம் எங்கிருந்து வரும்? மதச் சுதந்திரத்தை அரசு வழங்கும் நன்மையாகப் பாராமல், அரசின் எல்லைக்கு வெளியே உள்ள ஒன்றாகப் பார்க்கும் இந்த வாதமே பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை.

ஆயினும் பிரகடனத்தின் அந்த வாசகத்தால் திருச்சபை வரி உடனே ஒழிந்துவிடவில்லை. பிற பிரிவினர் ஆங்கிலிக்கன் திருச்சபைக்குக் கட்டிய வரி 1776இல் நிறுத்தப்பட்டது. குருமார்களின் அரசுச் சம்பளம் 1779இல் நீக்கப்பட்டது. போர் முடிந்ததும் எதிர்த்திசையில் காற்று வீசியது. போரினால் ஒழுக்கம் சீர்குலைந்துவிட்டது, ஆலயங்கள் பாழடைந்துவிட்டன, மதம் இல்லாமல் குடியரசு நிலைக்காது என்ற கவலை பலருக்கும் இருந்தது. 1784இல் பாட்ரிக் ஹென்றி ஒரு மசோதாவை முன்னெடுத்தார். கிறிஸ்தவ மதத்தைப் போதிப்பவர்களுக்காக எல்லோரும் ஒரு வரி கட்ட வேண்டும். ஆனால் அந்தப் பணம் எந்தப் பிரிவுக்குப் போகவேண்டும் என்பதைக் கட்டுபவரே தீர்மானிக்கலாம். எந்தப் பிரிவையும் குறிப்பிடாதவரின் பணம் கல்விக்குச் செல்லும்.

இந்த மசோதாவை ஏதோ கொடுங்கோன்மை என்று எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. ஒரே திருச்சபைக்குப் போன பணத்தை எல்லாப் பிரிவுகளுக்கும் பகிர்ந்தளிக்கும் இந்த யோசனை அன்று நடுநிலையானதாகவே பலருக்குத் தோன்றியது. ஜார்ஜ் வாஷிங்டனே மேசனுக்கு எழுதிய கடிதத்தில், தாங்கள் நம்புவதாகச் சொல்லும் ஒன்றுக்கு மக்களைப் பணம் கட்டச் சொல்வதில் தமக்குப் பெரிய அச்சம் எதுவும் இல்லை என்றார். ஆனால் இவ்வளவு எதிர்ப்பு எழுந்த பின் இப்பேச்சையே எடுக்காமல் இருந்திருக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். ஹென்றியின் பேச்சாற்றலுக்கு எதிராகச் சட்டமன்றத்தில் நிற்பது கடினம். அவர் 1784 நவம்பரில் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு அவையை விட்டு வெளியேறியது மேடிசன் தரப்புக்குச் சாதகமாயிற்று. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், மசோதா மீதான இறுதி முடிவு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது; மக்கள் படித்துக் கருத்துச் சொல்வதற்காக அதன் அச்சுப் பிரதிகள் மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டன.

1785ஆம் ஆண்டின் விண்ணப்பம்

அந்த இடைவெளியில், 1785 கோடையில், மேடிசன் தம் பெயரைப் போடாமல் ஒரு விண்ணப்பத்தை எழுதிச் சுற்றுக்கு விட்டார். மசோதாவை எதிர்ப்பதற்கான 15 காரணங்கள் அதில் வரிசையாக உள்ளன. இந்த ஆவணத்தை நிதானமாகப் படிப்பவர்களுக்கு முதல் திருத்தத்தின் உட்பொருள் பெரும்பாலும் விளங்கிவிடும் என்பதால், அதில் இரண்டு மூன்று காரணங்களைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மதம் என்பது படைத்தவருக்கு ஒரு மனிதர் செலுத்தவேண்டிய கடமை. குடிமைச் சமூகத்தில் சேர்வதற்கு முன்பே அந்தக் கடமை அவருக்கு உண்டு என்று மேடிசன் தொடங்குகிறார். எனவே காலத்தாலும் கனத்தாலும் அது அரசின் உரிமைக்கு முந்தியது. இங்கே அவர் மதத்தின் பெருமையைக் கொண்டே அரசின் எல்லையை வகுக்கிறார் என்பதைக் காணலாம். மதம் அற்பமானது என்பதால் அரசு ஒதுங்க வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை.

அடுத்தது, தொகை சிறியதுதானே என்ற சமாதானத்துக்கு அவர் கொடுக்கும் பதில். பிற மதங்களை விலக்கிக் கிறிஸ்தவத்தை நிறுவும் அதிகாரம் இன்று அரசுக்கு உண்டு என்றால், பிற பிரிவுகளை விலக்கிக் கிறிஸ்தவத்தின் ஒரு பிரிவை மட்டும் நிறுவும் அதிகாரமும் நாளை அதற்கு உண்டு. ஒரு நிறுவனத்தை ஆதரிப்பதற்காக ஒரு குடிமகனிடம் மூன்று பென்னி மட்டுமே கட்டாயமாக வாங்கும் அதிகாரம், வேறெந்த நிறுவனத்துக்கும் அவரை இணங்கவைக்கும் அதிகாரமும் ஆகும். ஹென்றியின் மசோதாவில் கட்டுபவரே பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற வசதி இருந்ததல்லவா? அந்த வசதி தொகையைப் பகிரும் முறையை மாற்றுகிறதே ஒழிய, மத விஷயத்தில் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது என்ற அடிப்படையைத் தொடவில்லை. விடுதலைப் போரே தேயிலை மீதான சிறிய வரியை முன்னிட்டுக் கொள்கைக்காக மூண்ட நாடு அது; தொகையைப் பாராமல் அதிகாரத்தைப் பார்க்கும் இந்த வாதம் அம்மக்களுக்கு உடனே விளங்கியது.

அரசின் ஆதரவு மதத்துக்கு நன்மை செய்ததா என்ற கேள்வியையும் மேடிசன் விட்டுவைக்கவில்லை. ஏறக்குறைய 15 நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவத்தைச் சட்டத்தின் துணையோடு நிறுவிப் பார்த்தாயிற்று. அதன் பலன் குருமார்களிடம் செருக்கும் சோம்பலும், மக்களிடம் அறியாமையும் அடிமைப்புத்தியும், இரு சாராரிடமும் மூடநம்பிக்கையும் வெறியும் துன்புறுத்தலும்தான் என்று அவர் எழுதினார்.

1,500க்கும் மேற்பட்டோர் இந்த விண்ணப்பத்தில் கையொப்பமிட்டனர். ஆனால் அந்த ஆண்டு சட்டமன்றத்தில் வந்து குவிந்த எதிர்ப்பு மனுக்களின் மொத்தக் கையொப்பங்கள் 10,000ஐத் தாண்டின. அவற்றுள் மேடிசனுடையதைவிட மிகுதியான கையொப்பங்களைப் பெற்ற மனு, இந்த மசோதா நற்செய்தியின் ஆவிக்கே விரோதமானது என்று வாதிட்ட, பக்தர்கள் எழுதிய மனு. கிறிஸ்துவின் திருச்சபை சீசரின், அதாவது அரசின், காசு இல்லாமலேயே பரவியது என்பது அவர்களுடைய வாதம். ஹென்றியின் மசோதா வாக்கெடுப்புக்கே வராமல் மடிந்தது.

காலியான அந்த இடத்தில் மேடிசன் ஒரு பழைய மசோதாவைக் கொண்டுவந்து நிறுத்தினார். தாமஸ் ஜெஃபர்சன் 1777இல் எழுதி, 1779இல் அவையில் வைக்கப்பட்டு, அப்போது நிறைவேறாமல் போன மதச் சுதந்திரச் சட்டம் அது. ஜெஃபர்சன் அப்போது பாரிஸில் தூதராக இருந்தார். 1786 ஜனவரியில் சட்டம் நிறைவேறியது. கடவுள் மனித மனத்தைச் சுதந்திரமாகப் படைத்தார் என்று தொடங்கும் அது, தாம் நம்பாத கருத்துகளைப் பரப்புவதற்கு ஒருவரைப் பணம் கொடுக்கக் கட்டாயப்படுத்துவது பாவமும் கொடுங்கோன்மையும் ஆகும் என்கிறது. நம் குடியுரிமைகள் நம் மதக் கருத்துகளைச் சார்ந்தவை அல்ல, இயற்பியலிலும் வடிவியலிலும் நமக்குள்ள கருத்துகளை அவை எப்படிச் சாராதனவோ அப்படியே என்பது அதன் புகழ்பெற்ற வரி. எதிர்காலச் சட்டமன்றம் இதை நீக்க விரும்பினால் நம்மால் தடுக்க முடியாது என்று ஒப்புக்கொண்டு, ஆனால் அப்படி நீக்குவது இயற்கை உரிமையை மீறுவதாகும் என்று எச்சரித்து முடிகிறது.

விவாதத்தின்போது நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை ஜெஃபர்சன் பிற்காலத்தில் தம் வாழ்க்கைக் குறிப்பில் பதிவுசெய்தார். முன்னுரையில் ‘நம் மதத்தை அருளிய இயேசு கிறிஸ்து’ என்ற சொற்களைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு திருத்தம் வந்தது; பெரும்பான்மையோர் அதைத் தோற்கடித்தனர். இதிலிருந்து, யூதரும் யூதரல்லாதவரும், கிறிஸ்தவரும் முகமதியரும், இந்துவும், எந்த நம்பிக்கையும் இல்லாதவரும் இச்சட்டத்தின் காப்புக்குள் வரவேண்டும் என்பதே அவையின் நோக்கம் என்று தெரிகிறது என்று அவர் எழுதினார். அன்றைய வர்ஜீனியாவில் இந்துக்களின் சமூகம் என்று எதுவும் இல்லை. கண்ணால் காணாத மதத்தினருக்கும் சேர்த்தே எழுதினால்தான் ஓர் உரிமை உண்மையில் பொதுவானதாகும் என்ற தெளிவு இதில் இருக்கிறது. தம் கல்லறையில் குடியரசுத் தலைவராக இருந்ததைப் பொறிக்க வேண்டாம், விடுதலைப் பிரகடனம், இந்தச் சட்டம், வர்ஜீனியா பல்கலைக்கழகம் ஆகிய மூன்றை மட்டும் பொறித்தால் போதும் என்று ஜெஃபர்சன் எழுதிவைத்ததும் இங்கே நினைக்கத் தக்கது.

தேசிய அரசமைப்பில்

1787இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டம் கடவுளைப் பற்றியோ திருச்சபையைப் பற்றியோ ஏறத்தாழ ஒன்றுமே சொல்லவில்லை. மதம் பற்றிய அதன் ஒரே விதி ஆறாம் உறுப்பில் உள்ளது: ஐக்கிய நாடுகளின் கீழ் உள்ள எந்தப் பதவிக்கும் மதச் சோதனை தகுதியாகக் கோரப்படலாகாது. தென் கரோலினாவின் சார்ல்ஸ் பிங்க்னி இதை முன்மொழிந்தார். அப்போது பெரும்பாலான மாநிலங்களில் இதற்கு நேர்மாறான நிலையே இருந்தது. டெலவேரில் பதவியேற்பவர் தந்தை, மகன், தூய ஆவி ஆகிய மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவத்தில் நம்பிக்கை உண்டு என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். வட கரோலினாவில் புராட்டஸ்டன்ட் மதத்தின் உண்மையை மறுப்பவர் பதவி வகிக்க முடியாது. தாராளமானதாகப் பெயர்பெற்ற பென்சில்வேனியாவிலும் சட்டமன்ற உறுப்பினர் பழைய, புதிய ஏற்பாடுகள் இரண்டும் தெய்வ அருளால் தரப்பட்டவை என்று அறிவிக்க வேண்டியிருந்தது. யூதராகிய தாம் மனச்சாட்சிக்கு விரோதமின்றி அப்படிச் சொல்ல முடியாது என்று ஜோனஸ் பிலிப்ஸ் என்ற பிலடெல்பியா வணிகர் 1787 செப்டம்பரில் அரசமைப்பு மாநாட்டுக்குக் கடிதம் எழுதினார். மாநாடு மூடிய கதவுகளுக்குள் நடந்ததால், அவர் கேட்டதை ஒத்த விதி தேசிய அளவில் ஏற்கெனவே நிறைவேறியிருந்தது அவருக்குத் தெரியாது. மாநிலங்கள் இந்த அரசமைப்பை ஏற்பதா என்று விவாதித்தபோது, யூதரும் முகமதியரும் நாத்திகரும் ஆட்சிக்கு வந்துவிடுவார்கள் என்ற அச்சம் பல இடங்களில் வெளிப்பட்டது.

மக்களின் உரிமைகளை அரசமைப்பிலேயே திருத்தங்களாக எழுதிச் சேர்க்கும் உரிமைப் பட்டியல் தேவையா என்பதில் மேடிசனுக்கே முதலில் தயக்கம் இருந்தது. காகிதத்தில் எழுதிய தடைகளைப் பெரும்பான்மையினர் தாண்டிவிடுவார்கள் என்று அவர் அஞ்சினார். பல பிரிவுகள் இருந்து, எதுவும் மற்றவற்றை அடக்கும் அளவுக்குப் பெரிதாகாமல் இருப்பதே உண்மையான பாதுகாப்பு என்று 1788இல் வர்ஜீனியாவின் ஏற்பு மாநாட்டில் பேசினார். அவர் மனம் மாறியதற்குத் தேர்தலும் ஒரு காரணம். 1789இன் தொடக்கத்தில் முதல் காங்கிரஸுக்கான தேர்தலில் ஜேம்ஸ் மன்றோவை எதிர்த்து அவர் போட்டியிட்டார். தொகுதியில் பாப்டிஸ்டுகள் கணிசமாக இருந்தனர். மனச்சாட்சி உரிமைக்கு அரசமைப்பில் உறுதி தேவை என்று அவர்கள் கேட்டார்கள். அதற்காகப் பாடுபடுவேன் என்று ஜார்ஜ் ஈவ் என்ற பாப்டிஸ்ட் போதகருக்கு மேடிசன் கடிதம் எழுதினார். 336 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார், வாக்கையும் காப்பாற்றினார்.

அவர் 1789 ஜூன் 8 அன்று முன்வைத்த திருத்தங்களில் ஒன்று, எந்த மாநிலமும் மனச்சாட்சியின் சம உரிமையை மீறலாகாது என்றது. தம் பட்டியலிலேயே மிக மதிப்புடையது இதுதான் என்று அவர் சொன்னார். பிரதிநிதிகள் அவை அதை ஏற்றது, செனட் நீக்கிவிட்டது. இதனால் கடைசியில் நிறைவேறிய திருத்தம் ‘காங்கிரஸ்’ என்ற சொல்லோடு தொடங்குகிறது. அந்த ஒரு சொல்லின் விளைவைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த 40 ஆண்டுகளின் வரலாற்றைப் புரிந்துகொள்ள முடியாது. தேசிய அரசு மட்டுமே இத்திருத்தத்தால் கட்டுப்பட்டது; மாநிலங்கள் தங்கள் திருச்சபைகளை விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம். 1833இல் உச்ச நீதிமன்றமும், பேரன் என்ற படகுத்துறை உரிமையாளர் பால்டிமோர் நகரத்துக்கு எதிராகத் தொடுத்த சொத்து வழக்கில், உரிமைப் பட்டியல் மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது.

சலுகையை விட்டு உரிமைக்கு நகர்ந்த கருத்து தேசிய அளவிலும் ஒலித்தது. 1790 ஆகஸ்டில் ரோட் ஐலண்டின் நியூபோர்ட் நகர யூத சபைக்கு எழுதிய கடிதத்தில் வாஷிங்டன், ஒரு சாராரின் தயவால் மற்றொரு சாரார் தம் இயல்பான உரிமைகளை அனுபவிப்பதுபோலச் சகிப்பைப் பற்றிப் பேசும் காலம் போய்விட்டது என்றார். வட ஆப்பிரிக்காவின் திரிப்போலியுடன் செய்துகொண்டு 1797இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு, ஐக்கிய நாடுகளின் அரசு எவ்வகையிலும் கிறிஸ்தவ மதத்தின் மீது நிறுவப்பட்டதல்ல என்று அறிவித்தது; செனட் அதை எதிர்ப்பின்றி ஏற்றது.

மதில் யாருக்காக?

நியூ இங்கிலாந்தில் நிலைமை வேறு. 1770இல் மாசசூசெட்ஸின் ஆஷ்ஃபீல்டு என்ற சிற்றூரில், காங்கிரிகேஷனல் திருச்சபைக்கான வரியைக் கட்ட மறுத்த பாப்டிஸ்டுகளின் நிலங்கள் விற்கப்பட்டன. 1774இல் பாப்டிஸ்ட் போதகர் ஐசக் பேக்கஸ் பிலடெல்பியா சென்று, குடியேற்றங்களின் மாநாட்டுக்கு அங்கே வந்திருந்த மாசசூசெட்ஸ் பிரதிநிதிகளிடம் முறையிட்டபோது, எங்கள் திருச்சபை ஏற்பாட்டைக் கைவிடச் செய்வதைவிடச் சூரிய மண்டலத்தையே மாற்றிவிடலாம் என்று ஜான் ஆடம்ஸ் சொன்னதாகப் பேக்கஸ் குறித்துவைத்தார். 1780ஆம் ஆண்டின் மாசசூசெட்ஸ் அரசமைப்பு அந்த வரியை மூன்றாம் உறுப்பில் உறுதிசெய்தது. கனெக்டிகட்டில் வேறு பிரிவைச் சேர்ந்தவர்கள், தாங்கள் அப்பிரிவைச் சேர்ந்தவர்களே என்று சான்றிதழ் கொடுத்து வரிவிலக்குப் பெற வேண்டும்.

1801 அக்டோபரில் கனெக்டிகட்டின் டேன்பரி பாப்டிஸ்டுகள் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சனுக்கு எழுதினார்கள். தாங்கள் அனுபவிக்கும் மத உரிமைகள் பறிக்கவியலாத உரிமைகளாக அல்லாமல், தங்களுக்கு அளிக்கப்பட்ட சலுகைகளாகவே இருக்கின்றன என்பது அவர்களுடைய மனக்குறை. 1802 ஜனவரி 1 அன்று ஜெஃபர்சன் அனுப்பிய பதிலில்தான் முதல் திருத்தம் திருச்சபைக்கும் அரசுக்கும் இடையே ஒரு பிரிவினை மதிலை எழுப்பியிருக்கிறது என்ற புகழ்பெற்ற தொடர் வருகிறது. அனுதாபம் தெரிவித்தாலும், கனெக்டிகட்டின் சட்டத்தை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. மதில் தேசிய அரசைச் சுற்றி மட்டுமே இருந்தது.

அதே நாளில் ஜான் லீலண்ட் என்ற பாப்டிஸ்ட் போதகர், மாசசூசெட்ஸின் செஷயர் ஊர் மக்கள் செய்த 1,235 பவுண்டு எடையுள்ள பாலாடைக்கட்டியைக் குடியரசுத் தலைவரின் இல்லத்தில் கொண்டுவந்து கொடுத்தார். லீலண்ட் வர்ஜீனியாவில் பல ஆண்டுகள் ஊழியம் செய்தவர். மதச் சுதந்திரப் போராட்டத்தில் முன்னின்றவர். இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, பிரதிநிதிகள் அவையின் கூடத்தில் அவர் பிரசங்கம் செய்தார்; ஜெஃபர்சனும் வந்து அமர்ந்து கேட்டார். மதிலைப் பற்றி வெள்ளிக்கிழமை எழுதிய மனிதர் ஞாயிற்றுக்கிழமை அரசுக் கட்டடத்தில் ஆராதனைக்குச் சென்றதை முரண்பாடு என்று சிலர் சுட்டுவதுண்டு. யாரும் கட்டாயப்படுத்தப்படாத, எல்லாப் பிரிவினரும் முறைவைத்துப் பயன்படுத்திய ஒரு கூடத்தில் விரும்பியவர்கள் கூடிய ஆராதனை அது என்பதால், அவர் அதைப் பிழையாகக் கருதவில்லை என்று எண்ண இடமுண்டு. ஆனால் நோன்பு நாளையோ நன்றி கூறும் நாளையோ அறிவிக்க அவர் மறுத்தார். முதல் காங்கிரஸ் தனக்கென்று சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்ட குருமார்களைப் பற்றி, அது அரசமைப்புக்குப் பொருந்தாது என்று முதுமையில் எழுதிவைத்தவர் மேடிசன். எல்லை எங்கே செல்கிறது என்பதில் அதை வரைந்தவர்களுக்குள்ளேயே கருத்தொற்றுமை இருந்ததில்லை.

வரைந்தவர்கள் பாராமல் விட்ட இடங்களும் உண்டு. 1811இல் நியூயார்க் நீதிமன்றம் கிறிஸ்துவை இழிவாகப் பேசிய ரக்கிள்ஸ் என்பவரின் தண்டனையை உறுதிசெய்தது. 1831இல் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த பிறகு, மதச் சுதந்திரச் சட்டத்தின் பிறப்பிடமான அதே வர்ஜீனியா, கறுப்பினத்தவர் பிரசங்கம் செய்வதையே தடைசெய்தது. மனித மனம் சுதந்திரமாகப் படைக்கப்பட்டது என்று எழுதிய ஜெஃபர்சனும் அதை நிறைவேற்றிய மேடிசனும் அடிமைகளை வைத்திருந்தவர்கள் என்பதை இந்த வரலாற்றில் எங்கும் மறைக்கக் கூடாது.

நியூ இங்கிலாந்தின் திருச்சபை வரி ஒவ்வொரு மாநிலமாக ஒழிந்தது: கனெக்டிகட்டில் 1818இல், நியூ ஹாம்ப்ஷயரில் 1819இல். மாசசூசெட்ஸில் அதை வீழ்த்தியது திருச்சபைக்குள் ஏற்பட்ட பிளவு. திரித்துவத்தை ஏற்காத யூனிடேரியன்கள் பல ஊர்களில் பெரும்பான்மையாகிவிட, 1820இல் டெடம் ஊர் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், போதகரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் ஆலயச் சொத்தும் திருவிருந்தில் பங்குபெறும் உறுப்பினர்களுக்கு அல்லாமல் வரி கட்டும் ஊராருக்கே உரியவை என்று தீர்ப்பளித்தது. பழமைவாதக் காங்கிரிகேஷனலிஸ்டுகள் தாங்கள் கட்டிய ஆலயங்களையே இழந்தார்கள். அரசோடு பிணைந்த திருச்சபை, ஊர்ப் பெரும்பான்மையின் கைக்குப் போய்விடும் என்பதைப் பட்டறிந்த பின் அவர்களும் வரி ஒழிப்பை ஆதரித்தார்கள். 1833இல் மாசசூசெட்ஸ் தன் மூன்றாம் உறுப்பை மாற்றியது. கனெக்டிகட்டில் பழைய ஏற்பாட்டைக் காக்கக் கடுமையாகப் போராடித் தோற்ற லைமன் பீச்சர் என்ற போதகர், தம் மாநிலத்துக்கு நேர்ந்த மிகச் சிறந்த நன்மை அந்தத் தோல்விதான் என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். அரசின் ஆதரவு போனதும் திருச்சபைகள் தங்கள் சொந்த உழைப்பையும் கடவுளையும் மட்டுமே நம்ப வேண்டியதாயிற்று என்பது அவர் சொன்ன காரணம்.

செனட் 1789இல் நீக்கிய மேடிசனின் திருத்தம், அதாவது மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் மனச்சாட்சி உரிமை, வேறு வழியாகத் திரும்பி வந்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1868இல் சேர்க்கப்பட்ட, எந்த மாநிலமும் யாருடைய சுதந்திரத்தையும் முறையான சட்ட நடைமுறையின்றிப் பறிக்கலாகாது என்னும் 14ஆம் திருத்தத்தின் வழியே, மதத்தைக் கடைப்பிடிக்கும் உரிமை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் 1940இல் தீர்ப்பளித்தது. மதத்தை நிறுவுவதற்கான தடையையும் 1947இல் அவ்வாறே விரித்தது. அந்த இரண்டாவது வழக்கு நியூ ஜெர்சியில் கத்தோலிக்கப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளின் பேருந்துக் கட்டணத்தைப் பொதுப்பணத்திலிருந்து பெற்றோருக்குத் திருப்பித் தரலாமா என்பது பற்றியது. தரலாம் என்று ஐந்து நீதிபதிகளும், கூடாது என்று நான்கு நீதிபதிகளும் முடிவுசெய்தார்கள். இரு தரப்பும் தங்கள் வாதத்துக்கு வர்ஜீனியாவின் அந்தப் போராட்டத்தையே ஆதாரமாகக் கொண்டன. நீதிபதி ரட்லெட்ஜ் தம் மறுப்புத் தீர்ப்பின் பின்னிணைப்பாக மேடிசனின் 1785ஆம் ஆண்டு விண்ணப்பத்தை முழுமையாக அச்சிட்டுச் சேர்த்தார்.